இறக்கைக்குள் ஓர் அமானிதம்

எங்கள் வீட்டில் விமானச் சத்தம் கேட்டால் உம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் சுளகு அப்படியே நிற்கும். தையல் மெஷினில் இருந்தால் சக்கரத்தின் மேல் கை நிற்கும். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மறுபடி வேலை தொடங்கும். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது முருங்கனுக்கு மேலே போவது பயணிகள் விமானம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கை நின்றுவிடும். அந்த நாட்களில் இந்தப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடிய கால்கள் அவருடையவை. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன்.

இப்படியொரு வீட்டில், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த என் மூத்த மகள் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வாப்பா, நான் விமானம் திருத்துற படிப்புப் படிக்கப் போறேன்."

நான் உடனே பதில் சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல. கொழும்பு தூரம் என்றேன். செலவு என்றேன். ஆண்கள் வேலை செய்யும் இடம் என்றேன். கிரீஸும் எண்ணெயும் உனக்கு எதற்கு, ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாமே என்றேன். குடும்பத்தில் நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "சரி வாப்பா" என்று எழுந்து போய்விட்டாள். அந்தச் "சரி" எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு கிழமை எங்கள் வீட்டில் நேரத்துக்குத் தேநீர் வந்தது, சோறு வந்தது. கதை மட்டும் வரவில்லை.

வந்த விருந்தாளி

ஆகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து பலர் வருவார்கள். அந்த முறை வந்தவர்களில் ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. படலையைத் திறந்ததும், "உம்மா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். உம்மா சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "நீ அந்தச் சின்ன ஓடாவியல்லவா!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மர்ஹூம் வாப்பா ஓர் ஓடாவி. முருங்கன் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. கதவு, யன்னல், நெல்லுப் பெட்டி, மாட்டு வண்டி எல்லாம் செய்வார். அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் வள்ளம் பழுதுபார்க்கவும் போவார். வந்திருந்தவர், வாப்பாவிடம் தொழில் பழகிய கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டுச் சோறு சாப்பிட்டவர். 1986இல் நாட்டை விட்டுப் போனார்.

நான்கு வருடம் கழித்து நாங்களும் ஊரை விட்டுப் போனோம். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கியது அடுத்த வாழ்க்கை. உம்மா ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார். நான் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்ததும் அந்தத் தையல் காசில்தான். வாப்பா புத்தளத்திலேயே மௌத்தானார். யுத்தம் முடிந்த பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் மிஞ்சியிருந்தது சுவர்களும், வாப்பா செய்த முதிரை மரக் கதவு நிலை ஒன்றும்தான்.

"வாப்பாட சாமான் ஏதும் இருக்கா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். ஊரை விட்டுப் போகும்போது வாப்பா சாரத்தில் சுற்றிக் கொண்டுபோன சீவுளி ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

"இப்ப என்ன தொழில் அண்ணன்?" என்று கேட்டேன்.

"அதே ஓடாவி வேலைதான் தம்பி. ஆனா கதவுக்கில்லை, விமானத்துக்கு."

குசினிக்குள் இருந்த என் மகள் விறாந்தைக் கதவடிக்கு வந்து நின்றாள். நான் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்தேன்.

மரமும் துணியும்

விமானத்துக்கு ஓடாவி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். அண்ணன் இங்கிலாந்தில் பழைய சிறு விமானங்களைத் திருத்தும் ஒரு பட்டறையில் நீண்ட காலம் மரவேலை செய்திருக்கிறார். 1930களில் செய்யப்பட்ட சிறு விமானங்கள் பலவற்றின் இறக்கை மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியதுதான். அவற்றில் பெயர் பெற்றது டைகர் மொத். முதன்முதலாகப் பறந்தது 1931 அக்டோபர் 26. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு தட்டு இறக்கை. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. எட்டாயிரத்துக்கும் அதிகமாகச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் பறக்கப் பழகியது இதில்தான். இன்றைக்கும் பல நாடுகளில் இதைத் திருத்திப் பறக்க விடுகிறார்கள். இந்திய விமானப்படையும் ஒரு டைகர் மொத் விமானத்தை இங்கிலாந்தில் புதுப்பித்து எடுத்து, 2012ஆம் ஆண்டு விமானப்படை நாளில் பறக்க விட்டது.

"கொஞ்சம் ஈர்க்கும் நூலும் கொண்டு வா மகள்" என்றார் அண்ணன். அவள் ஓடிப்போய்க் கொண்டு வந்தாள். ஒரு தும்புத்தடியையும் ஒரு பிரம்பையும் இணையாகப் படுக்க வைத்தார். இவைதான் இறக்கையின் முன் வளையும் பின் வளையும் என்றார். வீட்டுக் கூரைக்கு முகட்டு வளை எப்படியோ, இறக்கைக்கு இவை அப்படி. பாரத்தைத் தாங்குவது இவைதான். அவற்றின் மேல் குறுக்காக, மீனின் முள் போல, ஈர்க்குகளை வளைத்துக் கட்டினார். இவை விலாச்சட்டங்கள். இறக்கைக்கு அதன் வளைந்த வடிவைக் கொடுப்பவை இவை. வளைகளுக்கு நடுவே மூலைக்கு மூலை நூலை இழுத்துக் கட்டினார். அது கம்பி. இறக்கை கோணாமல் பிடிப்பது அது.

"இதெல்லாம் ஸ்ப்ரூஸ் என்ற மரம். முதிரை மாதிரிப் பாரமில்லை. ஆனா நார் நேராக ஓடும். பாரத்துக்கு அளவாப் பார்த்தா நல்ல பலம். ஒவ்வொரு பலகையிலும் நார் சாயுதா, முடிச்சு இருக்கா என்று பார்த்துத்தான் எடுப்போம்."

பிறகு தான் திருத்திய ஓர் இறக்கையின் கதையைச் சொன்னார்.

ஒரு டைகர் மொத் தரை இறங்கியபோது ஒரு சக்கரம் சேற்று நிலத்தில் புதைந்துவிட்டது. விமானம் சாய்ந்து, கீழ் இறக்கையின் நுனி நிலத்தில் அடிபட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்தால் நுனியில் ஒரு முழத் துணி கிழிந்து, வளைந்த மரம் ஒன்று முறிந்திருந்தது. சொந்தக்காரர், நுனியை ஒட்டித் துணியைத் தைத்துவிட்டால் போதுமே என்று கேட்டாராம்.

"அப்படிச் செய்ய ஏலாது தம்பி. நுனியில பட்ட அடி நுனியில நிற்காது. அது வளை வழியா உள்ளுக்கு ஓடும். எந்த இடத்தில இறுகப் பூட்டியிருக்கோ, அங்க போய்த்தான் முறிக்கும்."

அதனால் முதலில் நல்ல துணியையும் வெட்டி எடுக்க வேண்டும். முழு இறக்கையையும் உரித்து, வெறும் எலும்புக் கூடாக மேசையில் வைக்க வேண்டும். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது, கிழிசலிலிருந்து வெகு தூரத்தில், இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் தூண் பூட்டிய இடத்துக்குக் கிட்ட, பின் வளையில் ஒரு கோடு தெரிந்தது. நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற சிறு சுருக்கம். விரலால் தடவினாலும் தெரியாது. ஆனால் மரம் உள்ளே நசுங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படி நசுங்கிய வளையை ஒட்டி வைக்க முடியாது. அதை நம்பிப் பறந்தால் ஒரு நாள் காற்றில் முறியும்.

"துணி கிழிஞ்சதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது. முறிஞ்சது வேறெங்கேயோ" என்றார் அண்ணன்.

ஓடாவி வேலை

இனி அண்ணன் சொன்ன வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் கிழிந்ததைத் தைத்தும், உடைந்ததை ஒட்டியும் பழகிய நம் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நல்ல மரத்தைத் தேவையில்லாமல் எறிவதில்லை. கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டிப் புது மரம் சேர்க்கக்கூடிய இடங்கள் உண்டு. ஆனால் இரண்டு துண்டுகளை நேருக்கு நேர் முட்ட வைத்து ஒட்டினால் அது நிற்காது. இரண்டையும் நீளமாகச் சாய்த்துச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படுக்கும்படி ஒட்ட வேண்டும். ஓர் அங்குலக் கனமான மரத்துக்குச் சாய்வு குறைந்தது பன்னிரண்டு அங்குலம் நீள வேண்டும். வள்ளத்துப் பலகைக்கு வாப்பா செய்ததும் இதே போன்ற சாய்வுதான் என்று அண்ணன் நினைவுபடுத்தினார். தூண் பூட்டும் இடத்தில் மட்டும் ஒட்டு இருக்கவே கூடாது. அதனால்தான் அந்தப் பின் வளையை அவர்கள் முழுதாகவே புதிதாகச் செய்தார்கள்.

பழைய காலத்தில் இறக்கை மரத்தை ஒட்டியது பாலிலிருந்து எடுத்த பசையால். "பால் பசையா?" என்று உம்மா ஆச்சரியப்பட்டார். ஆம், பாலைத் திரைய வைத்து எடுக்கும் பொருளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது. நல்ல பசைதான். ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து, வருடங்கள் போகப் போக விட்டுவிடும். ஆகவே, அடிபடாத இடத்திலும் ஒவ்வொரு பொருத்தையும் சோதிக்க வேண்டும். இப்போது ஈரத்துக்கு அசையாத வேறு பசைகள் உண்டு.

வளைகளும் விலாக்களும் பூட்டிய பிறகு கம்பிகளை இறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை அளப்பார்கள். இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். "கதவு நிலைக்கு வாப்பா கயிறு பிடிப்பாரே, அதேதான்" என்றார். எங்கள் வீட்டின் முதிரை நிலை அவருக்குப் பின்னால் இருந்தது. எழுந்து போய்ச் சாணால் அளந்தும் பார்த்தார்!

இதற்குப் பிறகு அவர் சொன்ன சம்பவம்தான் என்னால் மறக்க முடியாதது.

பசை குழைக்கும் ஒவ்வொரு தடவையும், அதே பசையால் இரண்டு மரத் துண்டுகளைத் தனியே ஒட்டி வைப்பார்கள். காய்ந்த பின் அதை உடைத்துப் பார்ப்பார்கள். உடையும்போது மரம் கிழிந்தால் பசை நல்லது. மரம் கிழியாமல் ஒட்டு மட்டும் விட்டுப் போனால் பசை பிழை. அந்த இறக்கையில் விலாச்சட்டங்களை ஒட்டிய ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒரு நாளின் துண்டை உடைக்க மறந்துபோனது அண்ணனுக்கு நினைவு வந்தது. மாலை நேரம். பட்டறையில் வேறு யாரும் இல்லை. எடுத்து உடைத்தார். ஒட்டு விட்டுப் போனது.

"எனக்குக் கை கால் குளிர்ந்து போச்சு தம்பி. அந்த நாள் ஒட்டினதெல்லாம் இறக்கைக்குள்ள இருக்கு. வெளியில பார்த்தா வடிவாத்தான் இருக்கு. நான் அந்தத் துண்டை அடுப்பில போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"பிறகு?" என்று கேட்டது என் மகள்.

"உங்கட மூத்தவாப்பா ஞாபகம் வந்தார் மகள். அலுமாரிக்குப் பின்பக்கத்தைச் சீவாமல் விட்டதுக்கு ஒரு நாள் என்னை ஏசினார். சுவரோட நிற்கிற பக்கத்தை யார் பார்க்கப் போறது நானா என்று கேட்டன். நீ பார்த்திட்டியே, அது போதாதா என்றார். நான் அடுத்த நாள் காலையில முதலாளியிட்டச் சொன்னன். ஒரு வாரத்து வேலையைக் கழற்றித் திரும்பச் செய்தம்."

நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அமானிதம் என்ற தலைப்பில் எத்தனை ஜும்ஆ பிரசங்கம் செய்திருப்பேன்! இந்த ஒரு மரத்துண்டைப் போல ஓர் உதாரணம் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

துணி போர்த்துவதற்கு முன் இன்னொரு விதியும் உண்டாம். செய்தவன் தானே சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதிகாரம் பெற்ற இன்னொருவர் வந்து திறந்த இறக்கையைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துணி. ஏனென்றால் துணி போர்த்திய பின் உள்ளே இருப்பதை ஒருவரும் முழுதாகப் பார்க்க முடியாது. அந்த மறைந்த வேலையை நம்பித்தான் ஒரு மனிதன் வானத்தில் ஏறுகிறான்.

உம்மாவின் முடிச்சு

பழைய முறையில் இறக்கைக்குப் போடுவது லினன் துணி. அதைப் பை போலத் தைத்து இறக்கையில் மாட்டி, மேல் துணியிலிருந்து கீழ்த் துணிவரை நீண்ட ஊசியை விட்டு, ஒவ்வொரு விலாச்சட்டத்தோடும் சேர்த்துக் கட்டுவார்கள். மெழுகு பூசிய நூல். சில அங்குலத்துக்கு ஒரு தையல். முன்னால் சுற்றும் விசிறியின் காற்று மோதும் இடத்தில் இன்னும் நெருக்கம். தையலுக்கு மேல் நாடா ஒட்டி, டோப் என்னும் பூச்சைப் பல தடவை பூசுவார்கள். அது காயும்போது துணி சுருங்கி, ரபான் தோல் போல விறைத்துக்கொள்ளும். மழைக்காலத்து ஈரக் காற்றில் பூசினால் வெண்மை படிந்து கெட்டுப்போகும். கடைசியாகத் துணியின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைப்பார்கள், உள்ளே சேரும் நீர் வடிவதற்கு.

"ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு உம்மா. ஒன்று அறுந்தாலும் மற்றது அவிழாது" என்று சொல்லி, ஈர்க்கு இறக்கையின் மேல் பழைய சீலைத் துண்டைப் போட்டு முடிச்சைக் காட்டினார். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் முடிச்சு பிழைத்தது. இரண்டாவது அண்ணன் போட்டதைவிட இறுக்கமாக வந்தது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவதைப் போட்டாள்.

"இது ஆண்கள் வேலை என்று யார் சொன்னது?" என்று உம்மா கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

அண்ணன் சொன்னார்: முதல் உலகப் போர்க் காலத்து விமானத் தொழிற்சாலைகளில் துணிப் பகுதியில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெட்டியதும் தைத்ததும் பூசியதும் அவர்கள். அன்றைய பூச்சில் கலந்திருந்த ஒரு நச்சுப் பொருளின் ஆவியால் ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை வந்து சிலர் இறந்தும் போனார்கள். அதன் பிறகுதான் அந்தப் பொருளை மாற்றினார்கள். விமானிகளின் பெயரை உலகம் எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அண்ணன் அன்று மஃரிபுக்கு முன் விடைபெற்றார். சீவுளியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உம்மா சொன்னார். அவர் எடுக்கவில்லை. "இது இந்த வீட்டில இருக்கட்டும் உம்மா" என்று கதவு நிலைக்கு மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் தேடிப் படித்தவை

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாட்களில் நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். மகளுக்கு மறுப்புச் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்ற எண்ணமும் உள்ளே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

1903 டிசம்பர் 17இல் அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் பறக்க விட்ட விமானத்தின் இறக்கைக்குப் போர்த்தியது மஸ்லின் துணி. கடையில் வாங்கிய சாதாரணத் துணிதான். வீட்டிலேயே தையல் மெஷினில் தைத்தார்கள். மஸ்லின் என்ற பெயரே இராக்கின் மோசூல் நகரிலிருந்து வந்தது என்பார்கள். அன்று நான்காவது தடவை பறந்து இறங்கிய பின், ஒரு காற்று வந்து அந்த விமானத்தைப் புரட்டிப் போட்டு உடைத்தது. 1913இல் அவர்களுடைய டேட்டன் நகரில் வெள்ளம் வந்தபோது, பெட்டிகளில் கிடந்த அதன் பாகங்கள் நீரிலும் சேற்றிலும் மூழ்கின. 1916இல் ஓர்வில் ரைட் அதைத் திருத்திக் கண்காட்சியில் வைத்தார். 1985இல் அருங்காட்சியகத்தார் மீண்டும் பிரித்துப் புதுத் துணி போர்த்தினார்கள். இன்று வாஷிங்டனில் மக்கள் நின்று பார்ப்பது, உடைந்து, மூழ்கி, பல தடவை திருத்தப்பட்ட இறக்கையைத்தான்.

எங்கள் நூல்களிலும் ஒரு கதை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடம்பில் இறகுகளைப் பொருத்தி, இறக்கை கட்டிப் பறக்க முயன்றார் என்று பிற்காலத்தில் மக்கரீ எழுதியிருக்கிறார். கொஞ்ச தூரம் பறந்தார். இறங்கும்போது அடிபட்டது. பறவை இறங்குவதற்கு வால் உதவுகிறது என்பதையும், தான் வால் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் அவர் கவனிக்கவில்லையாம். இந்தக் கதையை வகுப்பில் பெருமையோடு சொல்வேன். முஸ்லிம்கள் அன்றே பறந்தார்கள் என்பேன். ஸூரத்துல் முல்கில் பறவைகளைப் பற்றி வரும் வசனத்தையும் ஓதி விளக்குவேன். ஆனால் என் வீட்டுப் பிள்ளை இறக்கையைப் பற்றிப் படிக்கக் கேட்டபோது மட்டும் எனக்கு நாலு பேர் கதைப்பது நினைவு வந்தது.

பெண்கள் விஷயத்திலும் தேடினேன். 1936இல் லாகூரில் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர்களில் ஒருவர் ஹிஜாப் இம்தியாஸ் அலி. உருது மொழியின் பெயர் பெற்ற கதாசிரியை. அது நடந்து எண்பது வருடத்துக்கு மேலாகிறது!

மறுப்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உம்மா சொன்னது

ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு உம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மகன், நீ பிள்ளைக்குச் சொன்ன காரணம் ஒண்டும் காரணமில்லை. செலவுக்கு என்ட காப்பு இருக்கு. கொழும்பில உன்ட தாத்தா இருக்கா, அவட வீட்டில நிப்பாள். ஆம்பிளைகள் வேலை செய்ற இடம் என்றாய். நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில ஆம்பிளைகள் இல்லையா? உனக்குப் பயம் மகன். அதைச் சொல்லு. படிப்பில பழியைப் போடாதே."

நான் பேசவில்லை.

"எனக்கும் பயம்தான்" என்றார். "ஒரு தரம் வீட்டை விட்டுப் போனோம். திரும்பி வர இருபது வருஷம் ஆச்சு. உன்ட வாப்பா வரவே இல்லை. அதிலிருந்து வாசலைத் தாண்டி யார் போனாலும் எனக்கு நெஞ்சு பதறும். விமானச் சத்தமும் அப்படித்தான். ஆனா அது எங்கட முறிவு. அவள்ட இல்லை."

அண்ணன் சொன்ன இறக்கை என் கண் முன் வந்தது. நான் இரண்டு கிழமையாகத் துணியைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கொழும்பு, செலவு, நாலு பேர் என்று ஒட்டுப் போட்டேன். பத்து வயதில் உள்ளே நசுங்கிய இடத்தை விளக்கைப் பிடித்து ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்த்தது உம்மா. அவர்தான் அன்று எனக்குக் கையெழுத்து வைத்தார்.

அன்று மாலை மகளிடம் நேராகச் சொன்னேன்: "நான் சொன்ன காரணங்கள் பொய் மகள். வாப்பாவுக்குப் பயம். பயம் போகவில்லை. ஆனாலும் நீ விண்ணப்பம் போடு." அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நீண்ட நேரம் கழித்துத் தேத்தண்ணியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

முருங்கனிலிருந்து இரத்மலானைக்கு

நேர்முகப் பரீட்சைக்கு அவளை முருங்கன் புகையிரத நிலையத்திலிருந்து நான்தான் அழைத்துப் போனேன். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் வந்த தபாலும் பயணிகளும் தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குப் போனது இந்தப் பாதையில்தான். 1990இல் யுத்தத்தால் இந்தப் பக்கத்து ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் இல்லாமல் போயின. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, 2015 மார்ச்சில்தான் தலைமன்னார் வரை மீண்டும் ரயில் ஓடியது. யன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டு போனேன். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. அவள் அவற்றின் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்ததும் இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய விமானங்களைப் பாதுகாக்கும் பிரிவாக 1993இல் தொடங்கி, 2009இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட இடம். இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27இல். மதராஸ் பறக்கும் கழகத்தின் பயிற்சியாளர் டின்டல் பிஸ்கோ ஓட்டி வந்த புஸ் மொத். அதுவும் மர இறக்கையும் துணியும் கொண்ட சிறு விமானம்தான். அதே வகை விமானத்தில்தான் 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். தொடக்க நாட்களில் புஸ் மொத் விமானங்கள் சில இறக்கை முறிந்து விழுந்தன. அவற்றை ஆராய்ந்த பிறகு, இறக்கையைத் தாங்கும் தூண்களை வலுப்படுத்தினார்கள். ஒருவர் உயிர் கொடுத்துக் கற்ற பாடம் அடுத்தவர் உயிரைக் காத்தது.

அருங்காட்சியகத்தில் சிப்மங்க் என்ற சிறு பயிற்சி விமானம் நிற்கிறது. 1951இல் நம் நாட்டு விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்த வகை. அதன் இறக்கையில் முன்பகுதி உலோகம், பின்பகுதி துணி. மரத்திலிருந்து உலோகத்துக்கு உலகம் மாறிய காலத்து வேலை. மற்றவர்கள் விமானத்தின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். என் மகள் குனிந்து இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"என்ன மகள் தேடுற?"

"தண்ணி வடியிற ஓட்டை வாப்பா."

அவளுக்கு இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது கொழும்பில் என் தாத்தாவின் வீட்டிலிருந்து போய்ப் படிக்கிறாள். அங்கே படிப்பது மர இறக்கை அல்ல. இன்றைய விமானங்களுக்கு அலுமினியத் தகடும் ரிவெட்டும். வெள்ளிக்கிழமை இரவில் தொலைபேசி எடுப்பாள். முதல் மாதம் சொன்னாள்: "வாப்பா, இன்றைக்கு ஒரு ரிவெட் கோணலாப் போச்சு. வெளியில தெரியாது. ஆனா நானே சொல்லிட்டன். துளைச்சு எடுத்துத் திரும்ப அடிச்சன்." நான் கதவு நிலைக்கு மேலே இருக்கும் சீவுளியைப் பார்த்தேன்.

எனக்குப் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தொலைபேசி பத்து நிமிடம் பிந்தினால் வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பேன். உம்மாவும் மாறிவிடவில்லை. விமானச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தையல் மெஷினின் சக்கரத்தில் கை நிற்கும். ஆனால் இப்போது நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்.

"இதுட உள்ளுக்கு யார் பார்த்துக் கையெழுத்து வெச்சிருப்பாங்க மகன்?"

"யாராவது ஒரு பிள்ளை பார்த்திருக்கும் உம்மா."

"நல்லாப் பார்த்திருக்கட்டும்" என்பார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும்.